ஞானப்பூவுக்குப் பின் குடித்தவர்கள்

ஆறுதல்புரம் கோயிலில் திருவிருந்துக் கிண்ணம் வாய் ருசி காட்ட ஆரம்பித்தது உயிர்த்தெழுந்த பண்டிகை முடிந்த அடுத்த ஞாயிறு. காலை ஒன்பதே முக்கால் மணி இருக்கும், நல்ல வெயில், மின்விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன, பாடகர் குழு வழக்கம்போல அரைச் சுருதி இறங்கிப் பாடிக்கொண்டிருந்தது, வானத்தில் ஓர் அடையாளமும் இல்லை, மணி தானாக அடிக்கவில்லை, மேலத்தெருக்காரர்கள் முதல் வரிசையாகப் போய் பீடத்தின் முன்னால் முழங்கால்படியிட்டார்கள், என் கணவர் முதல் ஆளுக்குத் திராட்சை ரசக் கிண்ணத்தைக் கொடுத்தார், வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்தார், கால் சுற்றுத் திருப்பினார், இரண்டாம் ஆளான தனசிங் சாருக்குக் கொடுத்தார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் சபைக் கமிட்டியின் செயலாளருமான தனசிங் சார் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, மீன் கழுவின தண்ணீரை வாயில் வாங்கியவர் மாதிரி கண்ணைப் பிதுக்கிக்கொண்டு, துப்பவும் முடியாமல் விழுங்கவும் மனமில்லாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நான் அந்தச் சபையின் ஐயரம்மா. எங்கள் பக்கத்துக் கோயில்களில் போதகரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும் சொல்வது பழக்கம். என் கணவர் சற்குணம் ஐயரோடு பதினெட்டு வருஷத்தில் ஏழு சபை பார்த்திருக்கிறேன், ஏழு ஊரிலும் அதே வரவேற்பு, அதே சந்தன மாலை, மூன்றாம் மாதம் அதே கோள், ஆறாம் மாதம் அதே மொட்டைக் கடிதாசி, ஆகையால் மனுஷர் வாயைப் பற்றிப் புதிதாகத் தெரிந்துகொள்ள எனக்கு ஒன்றும் பாக்கியில்லை என்று நினைத்திருந்தேன். பழகினால் அருவருப்பு போய்விடும் என்று கல்யாணமான புதிதில் ஒரு மூத்த ஐயரம்மா எனக்குப் புத்தி சொன்னார். போகாது, உள்ளே இறங்கி உட்கார்ந்துகொள்ளும்.

அந்தக் கோயிலில் திருவிருந்துக்குப் போகிற வரிசை எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை, ஆனால் தவழுகிற பிள்ளைக்கும் தெரியும். மேலத்தெரு முதலில், கீழத்தெரு கடைசியில். ஏன் என்று தமிழ்நாட்டில் பிறந்த யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. கீழத்தெரு உதடு பட்ட கிண்ணத்தில் மேலத்தெரு உதடு படக்கூடாது, அவ்வளவுதான், இதை ஒருவரும் ஒருநாளும் வாயைத் திறந்து சொன்னதில்லை, சொல்லாமலே நூற்றிருபது வருஷம் நடந்திருக்கிறது, நடுவில் வந்த ஐயர்மார் அத்தனை பேரும் எல்லாரும் ஒன்று என்று கண்ணீர் வரப் பிரசங்கம் பண்ணிவிட்டு, இறங்கிவந்து, இதே வரிசையில்தான் கிண்ணத்தைக் கொண்டுபோயிருக்கிறார்கள். செத்த பிறகும் அதே ஒழுங்குதான். மேலத்தெருவுக்கு மதில் கட்டின கல்லறைத் தோட்டம், வேப்பமர நிழல், பூட்டுப் போட்ட இரும்புக் கதவு. கீழத்தெருவுக்கு ஓடைக்கரை மணல்.

முதல் பழி என்மேல்தான் விழுந்தது, ஏனென்றால் உலர்ந்த திராட்சையை ஊறப்போட்டு, காய்ச்சி, துணியில் வடிகட்டி ரசம் எடுக்கிறவள் நான். ஐயரம்மா பாத்திரம் கழுவுகிற லட்சணம் இதுதானா என்று பெண்கள் சங்கத்தில் பேசிக்கொண்டார்கள். டவுனிலிருந்து மூடி உடைக்காத பாட்டில் வந்தது, அதிலும் அதே கதை. பிறகு கிண்ணத்தின்மேல் சந்தேகப்பட்டுப் புளி போட்டுத் துலக்கினார்கள், சாம்பல் போட்டுத் துலக்கினார்கள், வெள்ளி முலாம் பூசினார்கள், கடைசியில் புதுக் கிண்ணமே வாங்கினார்கள், புதுக் கிண்ணத்தில் இன்னும் துல்லியமாகத் தெரிந்தது. மூன்று நாள் உபவாச ஜெபம் வைத்தார்கள், வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு, முடிவில் தானும் குடித்து, முகம் சுண்டிப்போய், சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் காரில் ஏறிவிட்டார்.

ஆறு வாரம் கழித்துத்தான் ஊருக்கு விளங்கியது. முன்னால் குடித்தவர், ஒருவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றி என்ன பேசினாரோ அதுதான் அடுத்தவர் நாக்கில் ருசியாக வந்து உட்காருகிறது. நாத்தனாரைப் பற்றிப் பேசினால் சிக்குப்பிடித்த எண்ணெய் ருசி, பங்காளியைப் பற்றி என்றால் துரு, பொய்ச்சாட்சி என்றால் அழுகின முட்டை. விழுங்கின அரை நிமிஷத்தில் இன்னார் இன்னாரைப் பற்றி இன்னது சொன்னார் என்பதும் தானாகப் புரிந்துவிடும். கிண்ணத்தில் மிஞ்சுவதை ஐயர் குடித்துத் தீர்க்க வேண்டும் என்பது சபை முறை, என் கணவர் முதல் ஞாயிறு அதைக் குடித்துவிட்டு ஜெப அறையில் குடல் வெளியே வரும்படி வாந்தியெடுத்தார், அடுத்த தடவையிலிருந்து ஜெப அறை ஜன்னல் வழியாகக் குரோட்டன்ஸ் செடியில் ஊற்றினார், செடி கருகிப்போனது. சபை முழுக்க எப்படிப்பட்ட வாய் என்று அந்த ஒரே மடக்கில் தெரிந்துகொண்ட மனுஷன், சாயங்காலம் அதே வாய்களுக்கு வீடுவீடாகப் போய் ஜெபம் பண்ணி, கொடுத்த பாயசத்தைக் குடித்துவிட்டு வந்தார்.

ஒருவராவது பேச்சைக் குறைப்பார்கள் என்று நான் எதிர்பார்த்தேன், இன்னும் எனக்கு அந்த அளவுக்கு வெகுளித்தனம் மிச்சமிருந்தது. ஒருவரும் குறைக்கவில்லை. வரிசையைத்தான் மாற்றினார்கள். யாருக்குப் பின்னால் யார் முழங்கால்படியிடுவது என்பது ஊரின் பெரிய விஷயம் ஆயிற்று, புருஷனுக்குப் பின்னால் குடிக்க மாட்டேன் என்று பெண்டாட்டிகள் ஒதுங்கினார்கள், மாமியார் மருமகள் இருவருக்கும் நடுவில் இரண்டு பேர் இடைவெளி விட்டார்கள், சிலபேர் அடுத்த வீட்டு ரகசியத்தை ருசி பார்ப்பதற்கென்றே ஆள் பார்த்துப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள், அவர்களைப் பார்க்கத்தான் எனக்கு அதிகமாகக் குமட்டியது. கமிட்டியில் சீட்டுக் குலுக்கிப் போட்டு வரிசை எண் கொடுத்தார்கள். எண் கொடுத்தது மேலத்தெருவுக்கு மட்டும். கீழத்தெரு அப்போதும் கடைசியில்தான், எண்பது வீட்டு எச்சிலுக்குப் பின்னால், ஒன்றும் பேசாமல் குடித்துவிட்டுப் போனது. அந்த ருசி அவர்களுக்குப் புதிதாக இருந்திருக்காது.

ஆனி மாதம் ஒரு ஞாயிறு, பெண்கள் சங்கத் தலைவி பொன்சீலி கோயிலுக்குப் பிந்தி வந்தாள். இடம் இல்லாமல் கடைசி வரிசையில், கோயில் கூட்டுகிற கீழத்தெரு ஞானப்பூவுக்குப் பக்கத்தில் முழங்கால்படியிட வேண்டியதாயிற்று. ஞானப்பூ குடித்த கிண்ணம் அடுத்து அவளிடம் வந்தது. என் கணவர் வழக்கத்தைவிட அழுத்தமாக இரண்டு தடவை துடைத்ததை நான் பார்த்தேன். பொன்சீலி மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்தாள், பிறகு கண்ணைத் திறந்தாள், பிறகு கிண்ணத்தை விடாமல் இன்னொரு மடக்கும் குடித்தாள்.

“ஐயரம்மா, நெசமாச் சொல்லுதேன், ஒண்ணுமே இல்ல,” என்றாள் என்னிடம், ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் கையைப் பிடித்துக்கொண்டு. “வெறும் திராட்ச. பச்சத் தண்ணி மாதிரி வாய் அவளுக்கு.”

அடுத்த திருவிருந்தில் மேலத்தெருவில் பாதிக் குடும்பம் பிந்தி வந்தது. அதற்கடுத்ததில் ஞானப்பூவுக்குப் பின்னால் குடிக்க இடித்துக்கொண்டு நின்றதில் ஒரு மூக்குக்கண்ணாடி உடைந்தது. நூற்றிருபது வருஷம் எந்த உதட்டுக்குப் பின் குடிக்க அருவருத்தார்களோ அதே உதட்டுக்குப் பின் குடிக்க அடிதடி, அதில் வெட்கப்பட்ட ஒரு முகத்தையும் நான் பார்க்கவில்லை. தனசிங் சார்தான் வழி கண்டுபிடித்தார். ஞானப்பூ பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும், ஒவ்வொருவர் குடித்த பிறகும் கிண்ணம் அவளிடம் போக வேண்டும், அவள் ஒரு மடக்குக் குடித்த பிறகு அடுத்தவருக்குப் போக வேண்டும், அப்படியானால் எல்லாருமே ஞானப்பூவுக்குப் பின் குடித்தவர்கள் ஆகிவிடுவார்கள். இதற்குப் பாத்திர ஊழியம் என்று பேர் வைத்தார்கள். எண்பது வீட்டு வாயையும் ஒருத்தி வாங்கி விழுங்க வேண்டும், அதற்கு ஒரு வெள்ளைச் சேலை.

அவளைக் கூப்பிட்டுப் பேசியது எங்கள் வீட்டில்தான், என் கணவரும் தனசிங் சாரும் நாற்காலியில், ஞானப்பூ வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு. அறுபது வயது இருக்கும், என்னைவிடப் பெரியவள், ஆனாலும் நாங்கள் மூன்று பேரும் அவளை நீ என்றுதான் பேசினோம்.

“உக்காருதேன் சார்,” என்றாள். “அதுக்கு எங்க வீட்டுக்காரர மதிலுக்குள்ள கொண்டாந்து வச்சிருங்க. மூணு வருசமா ஓடத்தண்ணி அரிச்சு அரிச்சு அவரு தலைமாட்டுக்கு வந்துட்டு. இந்த ஐப்பசி மழைக்குத் தாங்காது.”

வேதமாணிக்கம் என்பது அவள் புருஷன் பேர். அந்த மதிலுக்குக் கல் சுமந்தவர்களில் ஒருவர்.

“அதுக்கென்ன ஞானப்பூ, கமிட்டியில வைப்போம்,” என்றார் தனசிங் சார். “நீ மொதல்ல உக்காரு. ஊழியம்னு வந்துட்டா பெறகு மதிலாவது ஒண்ணாவது.”

என் கணவர் தலையாட்டினார். தலையாட்டுவது என்றால் ஆம் என்றும் இருக்கலாம், கேட்டுக்கொண்டேன் என்றும் இருக்கலாம், ஐயர்மார் அதைத்தான் முதலில் கற்றுக்கொள்கிறார்கள்.

அவள் போகும்போது நான் கதவுவரை போய்க் கேட்டேன். “ஒன் வாயில மட்டும் ஏன் ஒண்ணும் நிக்கல ஞானப்பூ? நீ யாரையும் ஒண்ணும் சொல்லமாட்டியோ?”

அவள் சிரித்த சிரிப்பில் வெற்றிலைக் காவி படிந்த பல் அத்தனையும் தெரிந்தது. “நானா? எங்க தெருவுல வந்து கேட்டுப் பாருங்க ஐயரம்மா. நான் வைய ஆரம்பிச்சா நாயி எந்திச்சு ஓடிரும். ஆனா யாருக்கு உண்டானதோ அத அவுக மூஞ்சிக்கு நேரா குடுத்துட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். உள்ள வச்சிருந்தா ஊசிப்போவும்லா.”

நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. கமிட்டிக்காரர்கள் அவளைப் பரிசுத்தவாட்டி என்று நம்பியிருந்தார்கள், அந்த நம்பிக்கை எனக்கு வேடிக்கையாக இருந்தது, அவ்வளவுதான் காரணம்.

முதல் ஞாயிறு நாற்காலியில் உட்கார்ந்து எண்பது வீட்டையும் விழுங்கினாள். ஒரு முகச்சுளிப்பு இல்லை. ஆராதனை முடிந்ததும், எல்லாரும் வீட்டுக்குப் போய் இலை போட்டு உட்கார்ந்திருக்கும் நேரம், வெள்ளைச் சேலையோடு மேலத்தெருவில் நடந்தாள், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று அந்தந்த வீட்டுக்கு உண்டானதை அந்தந்த வீட்டுக்குக் கொடுத்தாள்.

“ஏ சார், கூடப்பொறந்த தம்பி ஆஸ்பத்திரியில கெடக்கும்போது அவன் போயிட்டா வயலு நமக்குன்னு யார்ட்ட சொன்னீய? நல்லாருப்பீயளா? அந்த நாக்கு அழுவாதா?” இது தனசிங் சார் வாசலில். பொன்சீலி வாசலில் இன்னும் கூட்டம். “மருமவள மலடின்னு பாட்டுக் கிளாசுல சொல்லிட்டு, அவ கையாலயே காப்பி வாங்கிக் குடிச்சியே தாயி. தொண்டையில எறங்குச்சா ஒனக்கு?” இப்படி மேற்குக் கடைசி வீடு வரைக்கும், இடையிடையே நாசமாப் போக என்றும் கட்டையில போக என்றும், வெயிலில், தண்ணீர் குடிக்காமல். முடித்ததும் தெருக்குழாயில் வாயைக் கொப்பளித்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அடுத்த திருவிருந்தில் அவளுக்குப் பின் குடித்தவர்கள் எல்லாருக்கும் வெறும் திராட்சை ருசிதான்.

எனக்கு அது பெரிய சந்தோஷமாக இருந்தது, மூன்று திருவிருந்து வரைக்கும். நான்காவது முடிந்த அன்று அவள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“ஒங்களுதும் ஒண்ணு இருக்கு ஐயரம்மா,” என்றாள், குரலை உயர்த்தாமல். “கீழத்தெருவுக்கு ஜெபத்துக்குப் போனா அந்தத் தண்ணியக் குடிக்க வேண்டியிருக்கு, வாயக் கழுவினாலும் போவ மாட்டேங்குன்னு ஐயர்ட்ட சொன்னீயளே, அது எங்க வீட்டுத் தண்ணி. தம்ளர நீங்க ரெண்டு வெரலால பிடிச்சத அன்னைக்கே பாத்தேன். அன்னைக்கே கேட்டிருக்கணும். பாவம் ஐயரம்மாதானேன்னு விட்டுட்டேன்.”

எனக்கு முகம் எரிந்தது. தப்பு என்று தெரிந்த முகம் எரிகிற விதம் வேறு, மாட்டிக்கொண்ட முகம் எரிகிற விதம் வேறு, எனக்கு எரிந்தது இரண்டாவது விதம். உண்மையைச் சொல்வதென்றால், அவள் திரும்பிப் போகும்போது அவள் முதுகைப் பார்த்து, இவளுக்கு இவ்வளவு இடம் கொடுத்திருக்கக்கூடாது என்றுதான் நினைத்தேன்.

அந்த வாரமே கமிட்டி கூடியது. பாத்திர ஊழியம் செய்கிறவள் தெருவில் நின்று கெட்ட வார்த்தை பேசுவது சபைக்கு அவமானம், ஊழியக்காரி என்றால் அடக்கம் வேண்டும், இனி அவள் ஒருவரையும் வையக்கூடாது, அப்படி நடந்துகொண்டால் வேதமாணிக்கத்தின் காரியத்தை அனுதாபத்தோடு பரிசீலிக்கலாம். பெண்பிள்ளை விஷயம், ஐயரம்மா போய்ச் சொன்னால் நன்றாக இருக்கும் என்றார்கள். போனேன். அவள் வாய் ஏன் சுத்தமாக இருக்கிறது என்று அந்த ஊரில் தெரிந்தவள் நான் ஒருத்திதான், தெரிந்தும் போனேன்.

“கொஞ்ச நாளைக்கு வாய அடக்கிக்கோ ஞானப்பூ,” என்றேன் அவள் வீட்டு முற்றத்தில் நின்றபடியே. “வேதமாணிக்கத்துக்கு எடம் கெடச்சிரும்.”

“நீங்க சொல்லுதீயளா, கமிட்டி சொல்லுதா?”

“எல்லாருந்தான்.”

அவள் ஓடைப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். “சரி,” என்றாள். “அவருக்காவ.”

அன்றோடு ஞானப்பூ வாயை மூடினாள். ஞாயிறு வந்து நாற்காலியில் உட்கார்ந்து எண்பது வீட்டையும் வாங்கினாள், சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள், மேலத்தெரு வழியாகப் போகாமல் குளத்தங்கரையைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். ஊருக்கு என்ன நிம்மதி. வெளுக்கப்போட்ட துணியை வாங்கிக்கொள்வதுபோல, ஞாயிறுக்கு ஞாயிறு வந்து சுத்தமான கிண்ணத்தை வாங்கிக் குடித்துவிட்டு, ஊழியக்காரி எவ்வளவு அடக்கமாயிட்டா பாத்தீயளா என்று பேசிக்கொண்டு போனார்கள், இனி எது பேசினாலும் ஞானப்பூ வயிற்றுக்குத்தான் போகப்போகிறது என்று ஆன பிறகு முன்னைவிடத் தாராளமாகப் பேசினார்கள். ஆவணியில் கமிட்டி கூடியபோது அவள் காரியத்துக்கு நேரமில்லை. புரட்டாசியில் போதுமான ஆள் வரவில்லை. அவள் இளைத்தாள், கழுத்து எலும்பு துருத்திக்கொண்டது, கோயில் கூட்டும்போது நான் பக்கத்தில் போனால் அவள் மூச்சில் மூடிவைத்த ஊறுகாய்ப் பானை பூசணம் பிடித்த வாடை அடித்தது, நான் தள்ளி நின்றேன். வாரத்துக்கு ஒருதடவை என்னைப் பார்த்து, “கூடினாவளா ஐயரம்மா?” என்பாள். வாயைப் பாதிதான் திறப்பாள். அடுத்த மாசம் என்பேன்.

ஐப்பசி பிறந்த முதல் ஞாயிறு அது நடந்தது. முதல் ஆள் குடித்தார், ஞானப்பூ குடித்தாள், கிண்ணம் தனசிங் சாருக்குப் போனது. அவர் குடித்தார், எழுந்தார், பீடத்துச் சிவப்புக் கம்பளத்தின்மேல் காலையில் தின்ற இட்லி முழுவதையும் கக்கினார். அடுத்தவரும் அப்படியே. அதற்கடுத்து பொன்சீலி, பட்டுச்சேலையோடு. மூன்று மாதமாக அவளுக்குள் போட்டு மூடியிருந்த அத்தனை வீட்டு வாயும், அதோடு அவள் கொடுக்காமல் வைத்திருந்த அவளுடைய வசவும் சேர்ந்து, ஒரே மடக்கில் அவர்களுக்குத் திரும்பி வந்தது. நடுக்கோயில் முழுக்கக் கவிச்சி வாடை. ஞானப்பூ நாற்காலியில் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்று மத்தியானமே விசாரணை.

“ஒளிச்சு வச்ச பாவம் எதும் உண்டா ஞானப்பூ?” என்றார் தனசிங் சார், வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு. “இப்பமே அறிக்கை பண்ணிரு. அபிஷேகம் ஒன்னவிட்டுப் போயிட்டு.”

அவள் என் கணவரைப் பார்த்தாள். அவர் வேதப்புத்தகத்தின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை வைதிருந்தால் அவளுக்கு எல்லாம் சரியாகியிருக்கும், அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கமிட்டி வாக்கு இன்னும் இருக்கிறது என்று நம்பித்தான் அப்போதும் வாயை மூடிக்கொண்டு நின்றாள். பதில் சொல்லாததைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதிக்கொண்டார்கள். வெள்ளைச் சேலையைத் திருப்பிக் கேட்டார்கள். அப்போது “எங்க வீட்டுக்காரரு” என்று அவள் ஆரம்பித்ததும், “ஊழியமே நின்னுபோச்சு, பெறகு அது எப்படி?” என்றார் தனசிங் சார், கணக்குத் தப்பாகப் போட்ட பிள்ளைக்குச் சொல்வது மாதிரி, ரொம்பப் பொறுமையாக.

அடுத்த ஏற்பாட்டையும் அவர்தான் செய்தார். இனிப் பொதுக் கிண்ணம் வேண்டாம். ஆளுக்கொரு சின்ன எவர்சில்வர் தம்ளர், கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் வெட்டுகிற மாதிரி அவரவர் பேர் வெட்டி, அவரவர் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, அவரவரே கழுவி, அவரவரே கொண்டுவர வேண்டும். பாத்திரக் கடைக்காரர் கோயில் முற்றத்திலேயே உட்கார்ந்து இரண்டு நாள் டொக்கு டொக்கென்று பேர் வெட்டினார். முதல் தடவை எல்லாம் நன்றாக நடந்தது, புதுத் தம்ளரில் முன்னால் ஒருவரும் குடித்திருக்கவில்லை.

மறுவாரம் செவ்வாய்க்கிழமை மழை பிடித்தது. புதன், வியாழன் விடவில்லை. வெள்ளி மத்தியானம் ஞானப்பூ எங்கள் வீட்டுக்கு வந்தாள், மழைக்குத் தலையில் கொங்காணியாக மடித்துப் போட்ட சாக்கு, இரண்டு கையிலும் ஒரு பழைய கைலியில் கட்டின மூட்டை. கீழே வைக்கவில்லை. மூட்டையிலிருந்து ஓடைத்தண்ணீர் எங்கள் வராந்தாவில் சொட்டியது.

“கரை விழுந்துட்டு ஐயரம்மா. முக்கால்வாசி பெறக்கிட்டேன். ஒரு கை எலும்பு மட்டும் ஆப்படல.” வாயிலிருந்து அதே பூசண வாடை. “கல்லறத் தோட்டத்துச் சாவியக் குடுங்க. குழி நானே வெட்டிக்கிடுதேன். ஒருத்தருக்கும் தெரியவேண்டாம்.”

சாவி என் தலைக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. கையை நீட்டினால் போதும். என் கணவர் உள்ளறையில் இருந்தார், ஞாயிறு பிரசங்கம் எழுதிக்கொண்டிருந்தார், பேனா நின்றுவிட்ட சத்தம் எனக்குக் கேட்டது. சித்திரையில் மாறுதல் வரும், நல்ல ஊர் கிடைக்கக் கமிட்டியின் கடிதம் வேண்டும், மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கேட்டிருந்தோம், அதற்கும் தனசிங் சார் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இதையெல்லாம் நான் நின்று யோசித்தேன் என்று சொல்ல முடியாது. யோசிக்காமலே வாயில் வந்தது.

“ஐயர் வெளிய போயிருக்காவ. வரட்டும்.”

உள்ளே என் கணவருக்கு இருமல் வந்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. மூன்று தடவை இருமினார்.

ஞானப்பூ அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். இப்போது வைவாள் என்று நினைத்தேன், வைய வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அவள் வாய் நிறைய இருந்ததை என் மூஞ்சியில் கொட்டிவிட்டுப் போனால் அவளுக்கும் நல்லது, எனக்கும் ஒருவேளை ஏதாவது ஆகியிருக்கும். அவள் மூட்டையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“ஒங்களுக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல ஐயரம்மா,” என்றாள்.

மழைக்குள் நடந்து, கீழத்தெருவுக்குப் போய், தன் வீட்டுக்குள்ளேயே, அடுப்புக்குப் பக்கத்தில் தரையைத் தோண்டிப் புருஷனை வைத்து மண்ணை மூடி மெழுகிவிட்டாள். அதன்பிறகு கோயிலுக்கு வரவில்லை. கோயிலைக் கூட்ட வேறு ஆள் போட்டார்கள்.

ஒரு நாள் விட்டு ஞாயிறு. பேர் வெட்டின தம்ளரில் இரண்டாவது திருவிருந்து. அன்றுதான் ஊருக்குப் பயம் வந்தது, ஏனென்றால் இந்தத் தடவை ஒவ்வொரு தம்ளரிலும் முன்னால் குடித்தவர் ஒருவர் உண்டு, அது அவரவரேதான். தனசிங் சார் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி வெகுநேரம் ஜெபித்தார், பொன்சீலி தம்ளர் விளிம்பைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தாள். என் கணவர் வாசகத்தைச் சொன்னார். எல்லாரும் ஒன்றாகக் குடித்தார்கள்.

ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. தனசிங் சார் மெதுவாகக் கண்ணைத் திறந்தார், நாக்கைச் சப்பிப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். அவரும் சிரித்தார். பொன்சீலி அழுதாள், ஆனந்தக் கண்ணீர் என்று பிறகு சாட்சி சொன்னாள். கடைசி வரிசையில் ஒருவர் ஸ்தோத்திரம் என்றார், கோயில் முழுக்க ஸ்தோத்திரம் என்றது, சாபம் நீங்கிவிட்டது என்று பாடகர் குழு எழுந்து நின்று பாடியது, அன்றைக்குச் சுருதிகூடச் சேர்ந்திருந்தது.

நான் மட்டும் இன்னும் குடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை இந்த வாயால் நான் சொன்னது என்ன என்று எனக்குத் தெரியும். சாக்கடையாக வரட்டும், புழுவாக நெளியட்டும், பீடத்தின் முன்னால் எல்லாரும் பார்க்க நான் கக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன், என் வாழ்நாளில் நான் உண்மையாகப் பண்ணின ஜெபம் அது ஒன்றுதான். தம்ளரை எடுத்துக் குடித்தேன்.

இனித்தது. இன்னும் ஒரு மடக்கு இருந்திருந்தால் அதையும் குடித்திருப்பேன்.